நைல் நதிக்கரையில் டொலர் உழைப்போர்

படித்தவன் நாட்டை விட்டுப் போகாமல் வாழ வழி எது?

(யாழ்ப்பாணத்தில் ஒரு வாசிகசாலை மண்டபத்தில், பிற நாட்டு நடப்புகள் பற்றிய சொற்பொழிவு வரிசையில், சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எகிப்து நாட்டைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். எகிப்து எங்கே, யாழ்ப்பாணம் எங்கே என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்நாட்டுக் கடன் கதையின் ஓர் அத்தியாயம் நமது இலங்கையிலேயே நடந்தது. 1882ஆம் ஆண்டில் பிரித்தானியப் படைகளை எதிர்த்து நின்று தோற்ற அகமது உராபி, அதாவது நம்மவர் அராபி பாஷா என்று வழங்கிய பெரியார், 1883இல் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்டார். 1901 வரை அவர் இத்தீவிலே இருந்தார். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லம் இன்றும் அவர் நினைவைத் தாங்கி நிற்கிறது.

கமக்காரக் குடியிற் பிறந்த அம்மனிதர் எதற்காகக் கிளர்ந்தார்? எகிப்து தன் வரவு செலவைத் தானே ஆளும் உரிமையை இழந்து நின்றமை அதற்கொரு பெருங்காரணம். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அமெரிக்கப் பருத்தி ஐரோப்பாவுக்கு வராது நின்றது. எகிப்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. அந்த விலை நிலைக்கும் என்று நம்பி ஆட்சியாளரான இஸ்மாயில் கடன்மேற் கடன் வாங்கினார். போர் முடிந்தது; விலை விழுந்தது; கடன் மாத்திரம் எஞ்சியது. 1875இல் சுயஸ் கால்வாயில் எகிப்துக்கு இருந்த பங்குகள் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசாங்கத்துக்கு விற்கப்பட்டன. 1876இல் கடன்காரரின் ஆணைக்குழு கெய்ரோவில் வந்து குந்தியது. பருத்தி விளைத்த கமக்காரனுக்கு விலையைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை. கடனைத் தீர்மானிக்கும் அதிகாரமும் இல்லை. வரி கட்டும் கடமை மாத்திரம் இருந்தது.

இந்தப் பழங்கதையை ஏன் எடுத்தேன்? அந்நிய நாணயம் தேடுவதற்காக எகிப்து முதலில் நிலத்தின் விளைவை ஏற்றுமதி செய்தது. பின்னர் மனிதரையே ஏற்றுமதி செய்தது. இன்று மனிதர் தம் வீட்டிலிருக்க, அவர்தம் அறிவின் உழைப்பை மாத்திரம் கம்பி வழியே ஏற்றுமதி செய்ய முற்படுகிறது. இம்மூன்றனுள் மூன்றாவதே மேலானது என்பது என் கருத்து. ஆயினும் அரசாங்கத்தின் நேர்மையும் உழைப்பவரின் ஒற்றுமையும் சேராவிடின், அன்று பருத்தி விளைத்தவனுக்கு நேர்ந்ததே இன்று கணனி முன் இருப்பவனுக்கும் நேரும். இதுவே இன்றைய உரையின் சாரம்.

படிப்பும் பதவியும்

1950ஆம் ஆண்டில், கண் பார்வையற்ற பேரறிஞர் தாஹா ஹுசைன் எகிப்தின் கல்வி மந்திரியானார். இடைநிலைக் கல்விக் கட்டணம் ஒழிந்தது. 1962இல், ஜனாதிபதி நாசரின் காலத்தில், பல்கலைக்கழகக் கல்வியும் இலவசமாயிற்று. அதே பத்தாண்டில், பட்டம் பெற்ற எவருக்கும் அரசாங்க உத்தியோகம் உண்டு என்ற உறுதியும் தரப்பட்டது. ஏழைக் கமக்காரனின் மகன் பொறியியலாளன் ஆனான். மகள் வைத்தியர் ஆனாள். இஃது ஒரு பெருஞ் சாதனை என்பதை மறுப்பார் இலர். ஆனால் பட்டதாரிகள் பெருகிய வேகத்தில் நாட்டின் செல்வம் பெருகவில்லை. உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. கிடைத்த உத்தியோகத்தின் சம்பளமோ குடும்பம் நடத்தப் போதாததாயிற்று.

நாசர் காலத்தில் நாட்டை விட்டு வெளியேற அரசாங்க அனுமதி வேண்டும். 1971ஆம் ஆண்டின் அரசியலமைப்பு குடிபெயரும் உரிமையை ஏற்றுக்கொண்டது. 1973இன் பின்னர் எண்ணெய் விலை உயரவே, ஆசிரியரும், வைத்தியரும், பொறியியலாளரும், மேசனும் வளைகுடா நாடுகளுக்கும் லிபியாவுக்கும் ஈராக்குக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய பணம் நைல் நதிக்கரைக் கிராமங்களில் கல் வீடுகளாக எழுந்தது. ஆயினும் அவ்வீடுகளில் தந்தையின் குரல் தொலைபேசியிலேதான் கேட்டது. இந்தத் துயரத்தை விளக்க நான் வேறெங்கும் உதாரணம் தேட வேண்டுவதில்லை. இம்மண்டபத்தில் இருப்போருட் பலர் அறிவர்.

பவுண் வீழ்ந்த கதை

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். 2016 நவம்பர் 3ஆம் திகதிக்கு முன்னர், உத்தியோகபூர்வ விகிதப்படி ஒரு டொலருக்கு ஏறக்குறைய 8 பவுண் 88 பியாஸ்தர். அன்று நாணயம் மிதக்க விடப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் டொலர் 18 பவுணைக் கடந்தது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 15 பவுண் 70 பியாஸ்தர் அளவில் இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் ஒரு வீழ்ச்சி, ஒக்டோபரில் மற்றொன்று, 2023 ஜனவரியில் பின்னும் ஒன்று. அதன்பின் 31 பவுணுக்குச் சற்றுக் கீழே ஓராண்டுக்கு மேலாக விகிதத்தைப் பிடித்து வைத்தனர். ஆனால் 2024இன் தொடக்கத்தில் கறுப்புச் சந்தையில் ஒரு டொலர் 70 பவுண் வரை விலை போயிற்று. 2024 மார்ச் 6ஆம் திகதி மறுபடியும் நாணயம் மிதக்க விடப்பட்டு, விகிதம் 50 பவுணை எட்டியது. அதன் பின்னர் அந்த அளவையே சுற்றி நின்றது.

இவ்விலக்கங்களை ஒரு குடும்பத்தின் கணக்கிலே வைத்துப் பாருங்கள். மன்சூரா என்னும் பட்டினத்தில் ஒரு கணக்காளர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022இன் தொடக்கத்தில் அவருக்கு மாதம் 9,420 பவுண் சம்பளம். அஃது அன்று 600 டொலருக்குச் சமம். இரண்டே ஆண்டுகளின் பின், சம்பளம் உயராதிருப்பின், அதே 9,420 பவுண் 188 டொலருக்குத்தான் சமம். அவருடைய அயல் வீட்டில் இன்னொரு கணக்காளர். அவர் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கெழுதி மாதம் 600 டொலர் பெறுகிறார். அவருக்கு இப்போது 30,000 பவுண். படிப்பு ஒன்று, உழைப்பு ஒன்று, தெருவும் ஒன்று. வேறுபாடு எதில்? கூலி எந்த நாணயத்தில் எழுதப்பட்டது என்பதில் மாத்திரமே.

2023 செப்டெம்பரில் எகிப்தின் நகர்ப்புற விலைவாசி முந்திய ஆண்டிலும் நூற்றுக்கு 38 வீதம் ஏறி நின்றது. 2024இல் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 6,000 பவுணாக உயர்த்தப்பட்டது. புதிய விகிதப்படி அஃது ஏறக்குறைய 120 டொலர். இந்நிலையில் அந்நாட்டுப் படித்த வாலிபர் ஒவ்வொருவரும், டொலரில் சம்பளம் தரும் உத்தியோகத்தை வீட்டிலிருந்தே எப்படித் தேடுவது என்று கேட்பதில் வியப்பென்ன?

வேலை தேடும் வாயில்கள்

எத்தகைய வேலைகள் இவை? கணனி நிரல் எழுதுதல், கணக்கெழுதுதல், கட்டட வரைபடம் ஆக்குதல், மொழிபெயர்ப்பு, சித்திர வடிவமைப்பு ஆகியன. எகிப்தியருக்கே சிறப்பாக உரிய மற்றொன்று, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அரபு மொழியும் குர்ஆன் ஓதலும் கற்பித்தல். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய அல் அஸ்கரில் கற்றவர் கெய்ரோவில் இருந்தபடியே இலண்டன் பிள்ளைக்குப் பாடம் சொல்லுகிறார். நேரமும் எகிப்தியருக்கு உதவியாக இருக்கிறது. கெய்ரோவின் கடிகாரம் இலண்டனுக்கு இரண்டு மணியும் பேர்லினுக்கு ஒரு மணியுமே முந்தியது. ஐரோப்பிய முதலாளிக்கு இரவு விழித்து வேலை செய்ய வேண்டிய தொல்லை எகிப்தியருக்கு இல்லை.

வேலைக்கு நுழையும் வாயில்கள் மூன்று. முதலாவது, அப்வர்க் போன்ற இணையத் தொழிற்சந்தை. அரபு மொழியில் முஸ்தகில், கம்சாத் என்னும் சந்தைகளும் உள. புதியவர் ஒருவர் இரண்டொரு சிறு வேலைகளைச் செய்து நற்பெயர் தேட இவை உதவும். ஆனால் சந்தைக்குச் சொந்தக்காரன் தரகு எடுப்பான். அந்தத் தரகைத் தானே மாற்றவும் செய்வான். அப்வர்க் 2023இல் எல்லாருக்கும் நூற்றுக்கு 10 என்று வைத்தது. 2025இல் அதனை 0 முதல் 15 வரை வேலைக்கு வேலை மாறும் தரகாக்கியது. வேலைக்கு விண்ணப்பிப்பதற்கே அங்கு காசு செலவாகும்.

இரண்டாவது வாயில், வெளிநாட்டுக் கம்பனியோடு நேரே செய்யும் ஒப்பந்தம். தரகு இல்லை, கூலி அதிகம். ஆனால் அந்தக் கம்பனியைத் தேடிப் பிடிப்பதும் அதன் நேர்மையை ஆராய்வதும் உழைப்பவரின் பொறுப்பு. மூன்றாவது, இடைநிலைக் கம்பனி. அஃது எகிப்தியச் சட்டப்படி உழைப்பவரைத் தன் ஊழியராகப் பதிவு செய்து, வெளிநாட்டு முதலாளியிடம் கட்டணம் பெற்றுக்கொள்ளும். பாதுகாப்பு அதிகம், ஆனால் சம்பளம் டொலரில் எழுதப்பட்டதா, பவுணில் எழுதப்பட்டதா என்பதைக் கையொப்பமிடும் முன் பார்க்க வேண்டும். கெய்ரோவின் தொலைபேசிச் சேவை நிலையங்களில் ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பிய மொழிகளில் வெளிநாட்டாருக்கு விடையளிக்கின்றனர். வேலை அந்நியருடையது, கூலியோ பெரும்பாலும் உள்ளூர் நாணயத்தில்.

இவ்வாயில்களுள் எதிலும், எல்லாம் செய்வேன் என்று சொல்பவனுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. கணக்காளர் ஒருவர் சர்வதேசக் கணக்கியல் நியமங்களைக் கற்று, அமெரிக்க முகாமைக் கணக்காளர் சான்றிதழோ அதற்கு நிகரானதோ பெற்றிருந்தால் அவர் பேச்சு எடுபடுகிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சட்டப் பத்திரங்களிலோ வைத்தியப் பத்திரங்களிலோ தேர்ச்சி பெற்றிருந்தால் அவருக்கு விலை உண்டு. முன்பணம் கட்டினால் வேலை தருவேன் என்பவன் முதலாளி அல்லன், அவன் திருடன். இந்த ஒரு விதியை மனத்திற் பதித்தவர் பல நஷ்டங்களிலிருந்து தப்புவர்.

நாணயம் என்னும் சொல்

நிற்க. வேலை கிடைத்தது, கூலியும் டொலரில் எழுதப்பட்டது. அப்பணம் எவ்வழியாக வீடு வந்து சேர்வது? வங்கியில் டொலர்க் கணக்குத் திறந்து நேரே பெறலாம். பேயோனியர் போன்ற இடைச் சேவையில் பெற்று உள்ளூர் வங்கிக்கு மாற்றலாம். அல்லது உறவினர் ஒருவரின் கையில் வெளிநாட்டில் கொடுக்கச் செய்து, கறுப்புச் சந்தைக்காரன் உள்ளூரில் கொண்டுவந்து கொடுக்கும் பவுணை வாங்கலாம். இம்மூன்றாவது வழி குற்றம். 2020ஆம் ஆண்டின் 194ஆம் இலக்க வங்கிச் சட்டப்படி, எகிப்தில் அந்நிய நாணயத்தை வைத்திருப்பது குற்றமன்று. வங்கியிலோ உரிமம் பெற்ற இடத்திலோ அன்றி வேறிடத்தில் மாற்றுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் இவ்வாறிருந்தும் என்ன நடந்தது? வெளிநாடுகளில் வாழும் எகிப்தியர், வங்கிகள் வழியாக 2021 ஜூலை முதல் 2022 ஜூன் வரையான ஆண்டில் அனுப்பிய பணம் ஏறக்குறைய 3,190 கோடி டொலர். அடுத்த ஆண்டில் அது 2,210 கோடியாகக் குறைந்தது. அதற்கடுத்த ஆண்டிலும் 2,190 கோடிதான். எகிப்தியர் உழைப்பதை நிறுத்திவிட்டனரா? இல்லை. வங்கி ஒரு டொலருக்கு 31 பவுண் தர, தெருவில் 50ம் 60ம் கிடைத்தால், பெற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவன் எங்கே போவான்? 2024 மார்ச்சில் விகிதம் உண்மைக்கு இறங்கி வந்தது. அதன் பின்னர், 2025 ஜூனில் முடிந்த ஆண்டில், ஏறக்குறைய 3,650 கோடி டொலர் வங்கிகளுக்கு வந்தது! சிறைச்சாலை செய்யாததை நேர்மையான விகிதம் செய்தது.

நமது நாட்டிலும் இதுவே நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2021இல் ஒரு டொலரை 200 ரூபா அளவிற் பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பிய பணம் 2020இல் ஏறக்குறைய 710 கோடி டொலராக இருந்து, 2022இல் 380 கோடியளவுக்கு விழுந்தது. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் நாம் வரிசையில் நின்றோம். விகிதம் விடுவிக்கப்பட்ட பின், 2023இல் ஏறக்குறைய 600 கோடியாக மீண்டது.

தமிழிலே நாணயம் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. காசு என்பது ஒன்று. நேர்மை என்பது மற்றொன்று. இரண்டாவது நாணயம் இல்லாத இடத்தில் முதலாவது நாணயம் தங்காது. இதனை நமது முன்னோர் ஒரு சொல்லிலே அடக்கி வைத்தனர். கெய்ரோவிலும் கொழும்பிலும் அரசாண்டோர் பல கோடி டொலர் செலவிற் கற்றனர்.

ஒப்பந்தமும் சட்டமும்

சட்டம் படித்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். எகிப்து 2003ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தை நீக்கி, 2025ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. அது 2025 செப்டெம்பர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. தொலைவிலிருந்து செய்யும் வேலையும், இணையத் தளங்களின் வழியாகச் செய்யும் வேலையும் வேலையே என்று அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் முதலாளிக்கு எகிப்தில் ஒரு மேசை நாற்காலிகூட இல்லையென்றால், கெய்ரோ நீதிமன்றத்தின் தீர்ப்பை எங்கே கொண்டுபோய் நிறைவேற்றுவது? உரிமை ஏட்டில் இருப்பது வேறு. அதனைக் கைப்பற்றும் வழி இருப்பது வேறு. ஆறு வாரக் கூலியாகிய 900 டொலரைப் பெறுவதற்காக எவரும் கலிபோர்னியாவில் வழக்காட மாட்டார்.

ஆதலின், வழக்கிலே தேடும் பாதுகாப்பை ஒப்பந்தத்திலே தேட வேண்டும். கூலி எந்த நாணயத்தில், எந்தத் திகதியில்? வங்கிக் கட்டணம் யார் தலையில்? வேலையை நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்னறிவித்தல்? செய்த வேலையின் உடைமை எப்போது கைமாறும்? பணம் முழுதும் வந்த பின்னரே உடைமை கைமாறும் என்ற ஒரு வாசகம், நீதிமன்றம் இல்லாத இடத்தில் ஓரளவு நீதிமன்றத்தின் வேலையைச் செய்யும். வேலையை மாதக் கணக்கில் அன்றிப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பணம் பெற்ற பின் அடுத்ததைத் தொடங்குவது அதனினும் நல்லது.

அமெரிக்கக் கம்பனிகள் டபிள்யூ-8 பி.ஈ.என். என்னும் படிவத்தைக் கேட்கும். இஃது அச்சந்தரும் பத்திரம் அன்று. நான் அமெரிக்கன் அல்லன் என்று கூறும் உறுதிமொழி அது. எகிப்தில் இருந்தபடியே செய்யும் வேலையின் கூலிக்கு அமெரிக்க வரியைப் பிடிக்க வேண்டியதில்லை. எனினும் சொந்த நாட்டு வரி உண்டு. 2025ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம், ஆண்டு வரவு 2 கோடி பவுணுக்கு மேற்படாத சிறு தொழிலாளருக்கும் சுயமாகத் தொழில் புரிவோருக்கும் மொத்த வரவின் மீது நூற்றுக்கு 0.4 முதல் 1.5 வரையான இலகு வரியை விதித்தது. ஒளித்துத் திரிபவனை வெளியே அழைக்கும் வழி இதுவே. நமது நாட்டில் 2025 ஏப்ரல் முதல் இத்தகைய வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வரி நூற்றுக்கு 15 என்று வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவது நம் உத்தியோகத்தருக்கு நன்று.

முதுமைக்கு என்ன வழி? வெளிநாட்டு முதலாளி ஓய்வூதியம் தரமாட்டான். 2019ஆம் ஆண்டின் 148ஆம் இலக்கச் சமூகக் காப்புறுதிச் சட்டம் சுயதொழில் புரிவோரையும் சேர்த்துக்கொள்கிறது. முப்பது வயதில் டொலர் எண்ணுகிற வாலிபன் அறுபது வயதை எண்ணுவதில்லை. எண்ணுமாறு செய்வது அவன் சங்கத்தின் கடமை.

விளக்கும் கம்பியும்

ஒப்பந்தமும் வரியும் சீராயிருந்தாலும் போதாது. விளக்கு எரிய வேண்டும். 2023 கோடையில் எகிப்தில் மின்வெட்டுத் தொடங்கி 2024 ஜூலை வரை நீடித்தது. வீட்டில் மின்சாரம் அற்ற நேரத்தில் கணனியைத் தூக்கிக்கொண்டு கோப்பிக் கடை தேடி ஓடியவர் எத்தனை பேர்! 2023 ஒக்டோபரில் உள்ளூர்ப் பவுண் கணக்கின் வங்கி அட்டைகளை அந்நிய நாணயச் செலவுக்குப் பயன்படுத்த வங்கிகள் தடை விதித்தன. வேலைக்கு வேண்டிய மென்பொருளுக்கு மாதச் சந்தா செலுத்தவும் இயலாமற் போயிற்று. டொலர் கொண்டுவருபவனின் கருவியைப் பறித்துவிட்டு டொலர் எங்கே என்று கேட்பது, கமக்காரனின் மண்வெட்டியைப் பறித்துவிட்டு நெல் எங்கே என்று கேட்பதை ஒக்கும்.

ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடலடிக் கம்பிகளுள் மிகப் பல எகிப்தைக் கடந்தே செல்கின்றன. நமது மாத்தறையில் கரையேறும் கம்பி ஒன்றும் அவ்வழியாகவே ஐரோப்பாவை அடைகிறது. இத்தகைய இடத்தில் அமைந்த நாட்டில், 2025 ஜூலை 7ஆம் திகதி கெய்ரோவின் ரம்சேஸ் தொலைபேசி நிலையத்தில் தீ மூண்டது. ஊழியர் நால்வர் உயிரிழந்தனர். தொலைபேசியும் இணையமும் பல பகுதிகளில் தடைப்பட்டன. மறுநாள் பங்குச் சந்தையும் இயங்கவில்லை. அதற்கு முன்னர், 2011 ஜனவரி இறுதியில் மக்கள் எழுச்சியின்போது, அரசாங்கமே ஏறக்குறைய ஐந்து நாள் இணையத்தை அணைத்துவிட்டது. கம்பியை நம்பி உயிர் வாழும் தொழிலாளனுக்கு, கம்பியை அறுக்கும் அரசாங்கம் கூலியை அறுக்கும் அரசாங்கமே.

பவுணில் வாழும் அயலவர்

டொலர் உழைப்போரின் கதையை மாத்திரம் சொல்லி அமர்ந்துவிட்டால் நான் நேர்மையாளன் ஆகேன். எகிப்தின் மக்கள் தொகை 10 கோடிக்கு மேல். வீட்டிலிருந்தே டொலர் பெறுவோர் அவர்களுள் ஒரு சிறு பகுதியினர். அரசாங்கப் பள்ளி ஆசிரியர், ஆஸ்பத்திரித் தாதி, பஸ் சாரதி, நைல் கழிமுகத்தில் நெல்லும் பருத்தியும் விளைப்பவர் ஆகிய அனைவரும் பவுணிலேதான் வாழ்கின்றனர். டொலர் உயரும்போது உர விலையும் எரிபொருள் விலையும் மருந்து விலையும் உயர்கின்றன. 2024 ஜூனில் மானிய ரொட்டி ஒன்றின் விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தராயிற்று. அயல் வீட்டான் டொலரில் வாடகை கொடுக்க முன்வந்தால், ஆசிரியர் குடியிருக்கும் வீட்டின் வாடகையும் ஏறுகிறது. திறமையான ஆசிரியர் பள்ளியை விட்டு இணையப் பாடத்துக்குப் போனால் ஏழைப் பிள்ளைக்கு யார் கற்பிப்பது?

இதன் பொருட்டு, வீட்டிலிருந்து டொலர் உழைப்பதைத் தடுக்க வேண்டுமா? வேண்டாம். எகிப்து உலகிலேயே மிகுதியாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளுள் முதன்மையானது. அந்தக் கோதுமைக்கும் உரத்துக்கும் டொலரே வேண்டும். சுயஸ் கால்வாய் 2023இல் ஏறக்குறைய 1,025 கோடி டொலர் ஈட்டியது. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டமையால் 2024இல் அது 400 கோடியளவாயிற்று. சர்வதேச நாணய நிதியத்திடம் 2022இல் கேட்ட 300 கோடி டொலர்க் கடன், 2024இல் 800 கோடியாக வளர்ந்தது. 2024 பெப்ரவரியில் றாஸ் அல் ஹிக்மா என்னும் கடற்கரைப் பிரதேசத்தின் அபிவிருத்தி உரிமையை அளித்து, ஐக்கிய அரபு இராச்சியத்தோடு 3,500 கோடி டொலர் உடன்படிக்கை செய்தார்கள். கால்வாய் வற்றும், கடன் ஏறும், கரை ஒருமுறைதான் கைமாறும். படித்தவர் மூளையோ மறுநாளும் விளையும் நிலம். அதனைக் காப்பதே அறிவுடைமை.

ஆகவே டொலர் உழைப்பவனுக்கும் பவுண் உழைப்பவனுக்கும் பகை மூட்டுவது கூடாது. முன்னவன் வங்கி வழியே பணத்தைக் கொண்டுவந்து, நியாயமான வரியைக் கட்ட வேண்டும். அரசாங்கம் அந்த வரியை ஆசிரியர் சம்பளத்துக்கும் தாதியர் சம்பளத்துக்கும் செலவிட வேண்டும். இரு பக்கத்துக் கடமையும் ஒருங்கே நடந்தால்தான் அந்தத் தெருவில் சமாதானம் இருக்கும்.

ஒற்றுமையே முடிவு

எகிப்தில் தொழிற் சங்கப் பாரம்பரியம் இல்லாமலில்லை. அந்நாட்டுச் சட்டத்தரணிகள் சங்கம் 1912இல் தோன்றியது. வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் ஆசிரியருக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு. ஆனால் வீட்டிலே தனித்திருந்து, காணாத முதலாளிக்கு வேலை செய்பவன் அச்சங்கங்களின் கண்ணிற் படுவதில்லை. அவனும் அவற்றைத் தேடுவதில்லை. நானூறு டொலருக்கு நான் செய்கிறேன், முந்நூறுக்கு நான் செய்கிறேன் என்று ஒருவரையொருவர் கீழே இழுக்கிறார்கள். லாபம் காணாத முதலாளிக்கு.

கமக்காரப் பெருமக்களே! இக்காட்சி உங்களுக்குப் புதிதன்று. மலையாளத்துக்குப் புகையிலை ஏற்றிய காலத்தில், தனித்தனியே நின்ற கமக்காரனுக்கு வியாபாரி சொன்னதே விலை. ஐக்கிய விற்பனைச் சங்கம் கண்ட பின்னர்தான் அவன் நிமிர்ந்து விலை பேசினான். கெய்ரோவின் கணக்காளருக்கும் மருந்து அதுவே. ஒப்பந்த மாதிரிகளைப் பொதுவில் வைப்பதும், பணம் தராது ஏமாற்றிய கம்பனிகளின் பெயரை அங்கத்தவருக்கு அறிவிப்பதும், ஆகக் குறைந்த கூலியை நிர்ணயிப்பதும், மின்சாரம் உள்ள பொது வேலைக்கூடங்களை அமைப்பதும், வங்கியோடும் வரித் திணைக்களத்தோடும் ஒரே குரலிற் பேசுவதும் ஒரு சங்கத்தால் ஆகும்; ஒருவனால் ஆகா.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவை நான்கு. நாணய விகிதத்தில் உண்மை. வரியில் இலகுவும் நிதானமும். விளக்கும் கம்பியும் அறாதிருத்தல். பிறநாட்டு முதலாளியிடம் கூலியைப் பெற்றுத்தர நாடுகளுக்கிடையே உடன்படிக்கை. இவற்றுள் முதல் மூன்றும் கொழும்புக்கும் பொருந்தும். நான்காவது எல்லா ஏழை நாடுகளும் சேர்ந்து கேட்க வேண்டியது.

அராபி பாஷா நமது மலையகத்திலிருந்து நாடு திரும்பியபோது அவர் விரும்பிய எகிப்து அங்கே இல்லை. அந்நியர் கையில் கணக்குப் புத்தகம் இருந்தது. இன்று எகிப்திய வாலிபர் தம் கணக்கைத் தாமே எழுதி உலகத்திடம் கூலி கேட்கிறார்கள். கப்பலேறாமல், தாயின் கையாற் சோறுண்டு, தம் ஊரின் மொழியிற் பிள்ளையை வளர்த்துக்கொண்டே கேட்கிறார்கள். 1983இன் பின்னர் படித்தோரையும் பாடுபட்டோரையும் கப்பலிலும் விமானத்திலும் இழந்த நமக்கு, அந்தக் கேள்வியின் அருமை தெரியாததன்று. அவர்கள் வெல்லும் வழியை நாமும் உற்று நோக்குவோம். அவர்கள் இடறிய இடத்தில் நாம் இடறாதிருப்போம்.